காலுக்கு ஷூ அமையவே மாட்டேன் என்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் 20 வருடத்துக்கு மேலாக அளவெடுத்துச் செருப்பும் ஷூவும் தைக்கிறேன். நாலைந்து கடை ஏறி இறங்கிவிட்டு, "என் கால்தான் கோணல்" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்காருகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன.

என் சைஸ் 8. ஒரு கடையில 8 கடிக்குது, இன்னொரு கடையில அதே 8 லூஸா இருக்கு. எதுதான் என் சைஸ்?

நாம் கடையில் சொல்லும் 6, 7, 8 எல்லாம் இங்கிலாந்து அளவு. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.5 மி.மீ. வித்தியாசம். 40, 41, 42 என்று போட்டிருப்பது ஐரோப்பிய அளவு. அதில் ஒரு படி 6.67 மி.மீ. இந்த இரண்டு ஏணியின் படிகளும் ஒரே மட்டத்தில் வராது. ஒன்றை மற்றதாக மாற்றி எழுதும்போது ஒரு கம்பெனி மேலே தள்ளும், இன்னொன்று கீழே தள்ளும். அமெரிக்க எண் வேறு. ஸ்போர்ட்ஸ் ஷூவில் அதைப் பார்த்துவிட்டு நம் எண் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த எண் நீளத்தை மட்டும்தான் சொல்கிறது. ஷூ என்பது கால் வடிவத்தில் செய்த ஒரு கட்டையின் மேல் இழுத்து ஒட்டித் தைப்பது. கம்பெனிக்குக் கம்பெனி கட்டை வேறு, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் வேறு. அகலம், விரல் பக்கத்து உயரம், குதிகால் குழிவு எல்லாம் கட்டையைப் பொறுத்தது. அதனால் "என் சைஸ் 8" என்பதைவிட "என் கால் 26 சென்டிமீட்டர் நீளம், 10.5 அகலம்" என்று சொல்வது உங்களுக்கு உதவும். பல ஷூப் பெட்டிகளில் சென்டிமீட்டரும் அச்சாகியிருக்கும். அதைப் பாருங்கள்.

வீட்டிலேயே காலை எப்படி அளக்கறது?

பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்துத் தரையில் வையுங்கள். அதன்மேல் நின்றுகொள்ளுங்கள், உட்கார்ந்து அளக்கக் கூடாது. உடம்பின் எடை இறங்கினால்தான் பாதம் பரவும். வரைவதை வேறொருவரிடம் விடுங்கள், ஏனென்றால் நீங்களே குனிந்தால் எடை மாறிவிடும். பென்சில் நேர்குத்தாக நிற்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் அளவு கூடவோ குறையவோ செய்யும். நான் ஒரு பென்சிலை நெடுக இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கம் காலோடு ஒட்டுகிற மாதிரி வைத்து வரைகிறேன். கோடு காலை ஒட்டியே வரும்.

பிறகு நாலு அளவு. குதிகாலின் பின்விளிம்பிலிருந்து நீளமான விரலின் நுனி வரை (சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், கவனியுங்கள்). குதிகாலிலிருந்து பெருவிரல் அடிமூட்டு வரை. பெருவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டு வரை அகலம். அதே இடத்தில் தையல் டேப்பைப் பாதத்தைச் சுற்றிப் பிடித்தால் வருகிற சுற்றளவு. இரண்டு காலுக்கும் தனித்தனியாக எடுங்கள்.

அந்த அட்டையைக் கால் வடிவத்திலேயே வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஷூவின் இன்சோலை (உள்ளே பாதம் படும் மெத்தையை) வெளியே எடுத்து அட்டையின் மேல் வைத்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். இன்சோலுக்கு வெளியே அட்டை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஷூ உங்களுக்கில்லை.

காலையில கடைக்குப் போறதா, சாயங்காலமா?

சாயங்காலம். நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குப் பொருந்துவதுதான் நாளெல்லாம் பொருந்தும். எந்த சாக்ஸ் போடப் போகிறீர்களோ அதையே போட்டுக்கொண்டு போங்கள். நின்ற நிலையில் நீளமான விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவே உங்கள் கட்டைவிரல் அகலத்தில் பாதி இடம் இருக்க வேண்டும், சுமார் 10 முதல் 12 மி.மீ.

"போடப் போட சரியாயிடும்"னு கடைக்காரர் சொல்றார். நம்பலாமா?

இந்த ஒரு வாக்கியத்தால் கெட்ட கால்களை நான் தினமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: வலிக்கிற ஷூவை வாங்காதீர்கள்.

உண்மையான தோல் கொஞ்சம் இளகும், அதுவும் அகலவாட்டில் மட்டும். நீளவாட்டில் இளகாது. ரெக்சினும் பிளாஸ்டிக் கலந்த சிந்தெடிக் அப்பரும் (ஷூவின் மேல்பாகம்) ஏறக்குறைய இளகவே இளகாது. முதல் நாள் விரல் முனை இடித்தால் ஆறு மாதம் கழித்தும் இடிக்கும். அதற்குள் சரியாகிவிட்டது என்று தோன்றினால், பெரும்பாலும் உங்கள் தோல் காய்ப்பு ஏறி மரத்துப் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். புது ஷூ விறைப்பாக இருக்கலாம், மடங்கும் இடத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். அது பழகும். அழுத்தம், உரசல், விரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது, இவை பழகாது.

எனக்கு அகலமான கால். ஒரு சைஸ் பெருசா வாங்கினா போதாதா?

எல்லாரும் செய்வது இதுதான், வம்பு ஆரம்பிப்பதும் இங்கேதான். ஒரு எண் கூட்டினால் முன்பாதச் சுற்றளவில் ஏறத்தாழ 6 மி.மீ. கிடைக்கும். ஆனால் அதற்கு விலையாக நீளத்தில் 8.5 மி.மீ. சேர்ந்து வரும். உங்களுக்குச் சுற்றளவில் 12 மி.மீ. தேவை என்றால் இரண்டு எண் ஏற வேண்டும். நீளம் 17 மி.மீ. கூடிவிடும்.

நீளம் கூடினால் என்ன என்று கேட்கலாம். கால் மடங்குவது விரல்களின் அடிமூட்டில். குதிகாலிலிருந்து அந்த இடம் பாதத்தின் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஷூவும் அதே இடத்தில் மடங்குகிற மாதிரிதான் செய்யப்படுகிறது. ஷூ 17 மி.மீ. நீண்டால் அது மடங்கும் இடம் சுமார் 12 மி.மீ. முன்னால் போய்விடும். கால் ஓரிடத்தில் மடங்கும், ஷூ வேறிடத்தில் மடங்கும். குதிகால் கழலும், விரல்கள் பிடிமானத்துக்காகச் சுருண்டு கொள்ளும், முன்பாதம் எரியும்.

ஒரு பஸ் கண்டக்டர் 10-ஆம் நம்பர் ஷூவோடு வந்தார். படியில் கால் தட்டித் தட்டி விழப் பார்க்கிறேன் என்றார். ஷூவின் முனை தோணி மாதிரி மேலே வளைந்திருந்தது. இன்சோலை எடுத்துப் பார்த்தேன். விரல்களின் தடம் முனைக்கு ஒன்றரை விரற்கடை முன்னாலேயே முடிந்திருந்தது. சுண்டுவிரல் பக்கம் மட்டும் துணி தேய்ந்து ஓட்டை. அட்டையில் வரைந்தால் அவர் நீளம் சரியாக 8. அகலம்தான் அவருடைய சிக்கல். பத்து வருடமாக நீளத்தை வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்போ அகலமான ஷூ எங்கதான் கிடைக்கும்?

ஸ்போர்ட்ஸ் ஷூவில் நியூ பேலன்ஸ், ஏசிக்ஸ், புரூக்ஸ் போன்ற கம்பெனிகள் ஒரே நீளத்தில் பல அகலம் செய்கின்றன. ஆண்களுக்கு டி என்றால் சாதாரணம், 2இ அகலம், 4இ மிக அகலம். பெண்களுக்கு பி சாதாரணம், டி அகலம். நம்மூர்க் கடைகளில் எல்லா அகலமும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். கேட்டு வரவழைக்க வேண்டும், இல்லை ஆன்லைனில் பார்க்க வேண்டும். பெண்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஆண்கள் மாடலில் உங்கள் சென்டிமீட்டருக்குச் சமமானதைப் போட்டுப் பாருங்கள், அதன் சாதாரண அகலமே பெண்கள் மாடலின் அகலத்துக்கு நிகர். ஆனால் குதிகால் லூஸாகிறதா என்று பாருங்கள்.

ஆபீஸ் ஷூ என்றால் லேஸ் கட்டும் இரண்டு மடலும் அடியில் சேர்த்துத் தைக்காமல் திறந்து விரிகிற மாடலை எடுங்கள். டெர்பி என்று கேளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு மாடலில் மடல்கள் அடியோடு தைக்கப்பட்டிருக்கும், விரியாது. முனை கூரானதை அகலக்கால்காரர்கள் தொடவே வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதி மிச்ச ஷூக்கள் நல்ல தோலில் மலிவாகக் கிடைக்கும். அவை வெளிநாட்டுக் கட்டையில் செய்தவை. அதனால் அட்டை இல்லாமல் போகாதீர்கள்.

இந்தியக் காலுக்குன்னு தனி சைஸ் வரப்போகுதாமே?

ஆமாம். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. நம் கால்கள் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலம் என்று அதில் தெரிந்தது. அதை வைத்து 'பா' (பாரத் என்பதன் சுருக்கம்) என்ற புது அளவுமுறையை முன்வைத்தார்கள். 2024-இல் செய்தியாக வந்தது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். நம் கால் கோணல் என்று இத்தனை நாள் நினைத்தவர்களுக்கு, கட்டைதான் நம் காலுக்குச் செய்யப்பட்டதில்லை என்று அறிவியலே சொல்லிவிட்டது. ஆனால் புது முறையிலும் சராசரி என்பது சராசரிதான். அளந்து வாங்கும் வேலை அப்போதும் இருக்கும்.

முன்னால இறுக்கமா இருக்கு, குதிகால் மட்டும் கழன்று கழன்று வருது. என்ன பண்றது?

முன்பாதம் அகலம், குதிகால் ஒல்லி. சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடும் வார்ச் செருப்போடும் நடந்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். முதலில் முன்பாதத்துக்குச் சரியான அகலத்தை எடுத்துவிடுங்கள். குதிகாலைப் பிறகு கட்டுப்படுத்திக்கொள்ளலாம், இறுகிய முன்பாதத்தை விடுவிக்க முடியாது.

ஸ்போர்ட்ஸ் ஷூவில் மேலே கணுக்காலுக்குப் பக்கத்தில் ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும், யாரும் பயன்படுத்துவதில்லை. லேஸை வெளியிலிருந்து உள்ளே அதே பக்கத்து ஓட்டையில் விட்டு ஒரு சின்ன வளையம் வையுங்கள். இரண்டு பக்கமும் வளையம் வந்ததும், எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். லேஸ் இல்லாத ஷூவில் குதிகால் பக்கம் ஒட்டும் மெத்தென்ற பேட் கொஞ்சம் உதவும்.

கோயில், வீடு, கடை என்று நாளைக்குப் பத்து முறை கழற்றி மாட்டுகிறோம். லேஸ் அவிழ்க்கச் சோம்பல்பட்டுப் பின்பக்கத்தை மிதித்து மடக்கிப் போடுகிறவர்கள் பலர். குதிகாலைப் பிடிக்கும் விறைப்பே அங்கேதான் இருக்கிறது. அது உடைந்தால் எந்த லேஸும் காப்பாற்றாது. எலாஸ்டிக் லேஸ் மாட்டிக்கொள்ளுங்கள், குதிகாலை வழுக்கி நுழைக்க உதவும் ஷூ ஹார்ன் ஒன்று வாசலில் தொங்கட்டும்.

புறங்கால் மேடா இருக்கு, லேஸ் கட்டினா மேல வலிக்குது.

வலிக்கிற மேட்டுக்கு நேராக இருக்கும் ஓட்டைகளில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல், பக்கவாட்டில் மேல் ஓட்டைக்கு நேராகக் கொண்டுபோங்கள். அந்த இடத்தில் ஒரு ஜன்னல் மாதிரி இடம் விட்டுப் போகும். முன்பு சொன்ன டெர்பி மாடல் இவர்களுக்கும் ஏற்றது. லேஸே இல்லாமல் நுழைக்கிற மாடல் ஏறவே ஏறாது.

மெட்டி போட்டிருக்கேன். ஷூ போட்டா பக்கத்து விரல்ல குத்துது. கழற்றவும் மனசில்லை.

நர்ஸ்கள், டீச்சர்கள், வாக்கிங் போகிற அம்மாக்கள் எல்லாரும் கேட்பது. இரண்டாம் விரலில் ஒரு சுற்று வெள்ளி இருந்தால் அந்த வரிசையில் இரண்டு, மூன்று மி.மீ. அகலம் கூடிவிடும். அளக்கும்போது மெட்டியோடே நின்று அளவெடுங்கள். விரல் பகுதி உயரமாகவும் வட்டமாகவும், மேலே தையல் இல்லாத வலைத்துணியாகவும் உள்ள ஷூவைத் தேடுங்கள். வேலைக்குப் போகும் நாட்களுக்கு முறுக்கும் மொட்டும் இல்லாத மெல்லிய தட்டை மெட்டி செய்து போட்டுக்கொண்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள்.

சர்க்கரையால் கால் மரத்தவர்கள் மட்டும் மூடிய ஷூவுக்குள் மெட்டி போட வேண்டாம் அம்மா. குத்துவது தெரியாமலே புண்ணாகிவிடும். வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொன்னால் டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பெருவிரல் மூட்டு வெளியே புடைச்சு, விரல் உள்பக்கம் சாய்ஞ்சிருக்கு. இதுக்கு ஷூவே கிடையாதா?

உண்டு. புடைப்பு உள்ள இடத்தில் தையலோ, வாரோ, கெட்டியான ஓரமோ வரக் கூடாது. மெல்லிய ஆட்டுத்தோல் அல்லது வலைத்துணி நல்லது. தோல் ஷூவாக இருந்தால் புடைப்புள்ள இடத்தை மட்டும் இழுத்துக் குழித்துக் கொடுக்கலாம். அதற்கென்று ஒரு பக்கம் உருண்டையும் மறுபக்கம் வளையமுமான இடுக்கி இருக்கிறது. விவரமான ஷூ ரிப்பேர்க்காரரிடம் கிடைக்கும். புடைப்பின் இடத்தைச் சாக்பீஸால் ஷூவின் வெளிப்பக்கம் குறித்துக் கொடுங்கள். ரெக்சினில் இது நிற்காது.

சிலர் பிளேடால் அந்த இடத்தை வெட்டிவிட்டுப் போடுகிறார்கள். வெட்டின ஓரம் அந்த மூட்டையே அறுக்கும், வேண்டாம். கூர்முனையும் ஹீல்ஸும் சாய்வை அதிகமாக்கும். ஷூ மாற்றினால் வலி குறையும், எலும்பு திரும்பி வராது. வலி விடவில்லை என்றால் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

கால் ஆணி திரும்பத் திரும்ப வருது.

ஆணி ஒரு தகவல். எந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது என்று கால் எழுதிக் காட்டுகிறது. விரலின் மேல் வந்தால் ஷூவின் உயரம் போதவில்லை. சுண்டுவிரல் ஓரத்தில் வந்தால் அகலம் போதவில்லை. அடியில் வந்தால் இன்சோல் கெட்டி, அல்லது நீளம் கூடி மடங்கும் இடம் மாறியிருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டு பிளாஸ்டர் மட்டும் ஒட்டினால் திரும்பி வரத்தான் செய்யும். சர்க்கரை உள்ளவர்கள் ஆணி பிளாஸ்டரையும் பிளேடையும் தொடக் கூடாது. அந்த பிளாஸ்டரில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

ஒரு கால் பெருசு, ஒரு கால் சின்னது. எந்தக் காலுக்கு வாங்கறது?

பெரிய காலுக்கு. அரை சைஸ் வரை வித்தியாசம் பலருக்கும் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. சின்னக் கால் ஷூவில் இன்சோலுக்கு அடியில் ஒரு மெல்லிய அட்டை இன்சோல் போட்டால் இடம் நிரம்பும். கால் முன்னே வழுக்கினால், லேஸுக்கு அடியில் இருக்கும் ஷூ நாக்கின் உள்பக்கம் பேட் ஒட்டுங்கள். வித்தியாசம் ஒரு முழு எண்ணைத் தாண்டினால் இரண்டு ஜோடி வாங்குவதோ, தைத்துக்கொள்வதோதான் வழி.

வளர்ற பிள்ளைதானே, ரெண்டு சைஸ் பெருசா வாங்கிடலாமா?

பணக் கஷ்டம் புரிகிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவில் ஷூவும் சேர்ந்தால் எந்த வீட்டிலும் கணக்கு இடிக்கும். ஆனாலும் இரண்டு சைஸ் வேண்டாம். கண்டக்டருக்கு நடந்ததுதான் பிள்ளைக்கும் நடக்கும், கூடவே ஓடி விளையாடுகிற கால். முனையில் ஒரு கட்டைவிரல் அகலம் விட்டு வாங்கி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இன்சோலை எடுத்து அதன்மேல் நிற்க வைத்துப் பாருங்கள். அண்ணன் போட்ட ஷூ தம்பிக்கு வரும்போது அதில் அண்ணன் காலின் பள்ளம் இருக்கும். அதிகம் தேயாததாக இருந்து, இன்சோலைப் புதிதாக மாற்றினால் மட்டும் கொடுங்கள்.

பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் பிள்ளை வீட்டிலும் சுத்தமான மணலிலும் வெறுங்காலோடு விளையாடட்டும். தென்னிந்தியாவில் 2300 குழந்தைகளின் பாதத்தடம் எடுத்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், ஷூ, செருப்பு போட்டு வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது; போடாதவர்களில் 2.8 சதவீதம்தான். விரல் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அது அதிகம். சின்னக் குழந்தைகளின் பாதம் தட்டையாகத் தெரிவது சகஜம், வளர வளரக் குழிவு வரும். வலி இருந்தாலோ ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரசவத்துக்கு அப்புறம் பழைய செருப்பு எதுவுமே ஏறலை. திரும்பக் குறையுமா?

வீக்கம் வடிந்துவிடும். ஆனால் பாதத்தின் குழிவு கொஞ்சம் இறங்கி நீளமும் அகலமும் கூடியிருந்தால் அது பலருக்கு அப்படியே நின்றுவிடுகிறது, முக்கியமாக முதல் பிள்ளைக்குப் பிறகு. சில மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். பெரியவர்களுக்கும் வயதாக ஆகக் கால் பரவும். கல்யாணத்தின்போது 5 என்பதால் இன்றும் 5 என்று நினைக்க வேண்டாம்.

கம்பெனியில குடுக்கிற சேஃப்டி ஷூ விரலை நசுக்குது.

முனையில் இரும்புக் கிண்ணி இருக்கிறது. 200 ஜூல் அடியைத் தாங்கும்படி செய்தது. அது இளகாது, இழுத்துக் குழிக்கவும் முடியாது, வெட்டவே கூடாது. முழங்கால் மடக்கி உட்கார்ந்து பாருங்கள். கிண்ணியின் பின்விளிம்பு விரல்மேல் அறுத்தால் அந்த அளவு தவறு. ஸ்டோரில் மாற்றிக் கேளுங்கள், அகல மாடல் வரவழைக்கச் சொல்லுங்கள். இரும்புக்குப் பதில் கம்போசிட் (உலோகம் இல்லாத கலவைப் பொருள்) கிண்ணி வைத்ததும் உண்டு. எடை குறைவு, ஆனால் வடிவம் வேறாக இருக்கும் என்பதால் போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

சர்க்கரை இருக்கு, கால் மரத்துப் போச்சு. எம்.சி.ஆர். செருப்பு போட்டா போதுமா?

இந்தக் கேள்விக்கு வேலூர்க்காரனாக எனக்கு ஒரு தனி உரிமை உண்டு. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு) வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, உணர்ச்சி போனதால் தெரியாமல் படும் காயங்களால்தான் அழிகின்றன என்று கண்டுபிடித்தார். அப்படியானால் காயத்தைத் தடுத்தால் காலைக் காப்பாற்றலாம். அதற்காக வேலூரிலும் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் செருப்புக்கென்று பழக்கத்துக்குக் கொண்டுவந்ததுதான் நுண்துளை ரப்பர், நாம் சொல்லும் எம்.சி.ஆர். தொழுநோயாளிக்காக யோசித்தது இன்று சர்க்கரைக் காலைக் காக்கிறது.

எம்.சி.ஆர். மட்டும் போதாது. அது மென்மையாக, ஏறத்தாழ 15 ஷோர் (ரப்பரின் கடினத்தை அளக்கும் அலகு) கடினத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பாதியாக அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். எம்.சி.ஆர். என்ற பெயரில் வெறும் ஸ்பாஞ்சை விற்கிறார்கள். அது ஒரு மாதத்தில் அப்பளம். அடியில் முள் ஏறாத கெட்டி சோல் இருக்க வேண்டும். ஆணி அடித்திருக்கக் கூடாது, ஒட்டியோ தைத்தோ இருக்க வேண்டும். விரலிடுக்கு வார் கூடாது. குதிகாலுக்குப் பின்னால் பட்டை அவசியம், இல்லையேல் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாது. அமுங்கி எழும்பாமல் போனதும் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. மரத்த கால்காரர்கள் தாங்களாகவே இறுக்கமானதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இறுக்கமாக இருந்தால்தான் போட்டது தெரிகிறது என்பார்கள். அதனால் மேலே நான் சொன்ன "வலித்தால் வாங்காதீர்கள்" என்ற விதி இவர்களுக்கு உதவாது. அட்டையும் கண்ணும்தான் நம்பிக்கை. புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றி, சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். தினமும் போடுவதற்கு முன் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். ஒருவர் ஷூவிலிருந்து பேரனின் கோலிக்குண்டை நானே எடுத்திருக்கிறேன். காலையிலிருந்து அதோடு நடந்திருக்கிறார். உச்சி வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம். விடிகாலையில் தடிமனான சாக்ஸோடு போய்வாருங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

யானைக்கால் வீக்கம். எந்தச் செருப்பும் நுழையலை.

காலையில் எழுந்ததும் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு எடுங்கள். இவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. இரண்டுக்கும் இடம் கொடுக்கிற நீளமான வெல்க்ரோ பட்டை வேண்டும். முழுவதும் விரியத் திறந்து, காலை மேலிருந்து வைத்து மூடுகிற மாதிரி தைக்கலாம். உள்ளே தையல் மடிப்பு இருக்கக் கூடாது. கட்டுத்துணி சுற்றுகிறவர்கள் அதோடு வந்து அளவு கொடுங்கள். திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, ரத்தக்கொதிப்பு மாத்திரை மாற்றிய பிறகு இரண்டு காலும் வீங்கினாலோ முதலில் டாக்டரிடம் போங்கள், செருப்பு பிறகு.

போலியோவால ஒரு கால் சின்னது, குட்டையும்கூட. யார்கிட்ட போறது?

ஒரு சோலை உயர்த்தினால் இடுப்பு, முதுகு எல்லாம் அதைப் பொறுத்து மாறும். எவ்வளவு உயர்த்துவது என்பதை டாக்டர் எழுதித் தர வேண்டும். என்னைப் போன்றவர்கள் கண்ணால் தீர்மானிக்கக் கூடாது. சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, செயற்கை அவயவங்களும் காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பரும் செய்கிறார்கள். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலும் கேளுங்கள். விரல் எடுத்த கால்களுக்கும் இதே வழி: காலியான இடத்தில் பஞ்சைத் திணித்துக்கொள்ளாமல், வார்த்து எடுத்த நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

அளவு கொடுத்துத் தைக்கிறதா இருந்தா என்ன பார்த்துக்கணும்?

உட்கார வைத்து அளந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு காலையும் நிற்க வைத்து, சுற்றளவை மூன்று இடத்திலாவது எடுக்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் இப்போது போடுகிற பழைய செருப்பைக் கட்டாயம் கொண்டுபோங்கள். நல்ல கைக்காரர் முதலில் அதைத்தான் திருப்பிப் பார்ப்பார். சோலில் எந்த மூலை தேய்ந்திருக்கிறது என்பதில் உங்கள் நடை இருக்கிறது.

விலை கடை ஷூவைவிடக் கூடத்தான் இருக்கும். அதில் பெரும்பங்கு உங்கள் காலுக்கென்று கட்டையைத் திருத்துகிற வேலை: தேவையான இடத்தில் தோல் துண்டு ஒட்டி ஏற்றுவது, வேண்டாத இடத்தில் இழைப்பது. ஒருமுறை செய்த கட்டையை உங்கள் பெயர் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அடுத்த ஜோடிக்கு அந்தச் செலவு குறையும். முழுதாக முடிப்பதற்கு முன் சோல் ஒட்டாமல் ஒருமுறை போட்டுப் பார்க்கக் கேளுங்கள். மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். வாங்கிப் போன ஒரு வாரத்தில் எங்காவது சிவந்தால் திரும்பக் கொண்டுவாருங்கள், பெரும்பாலும் பத்து நிமிட வேலைதான்.